குழாயின் உள்பக்கம்

கன்னிப்பூ நடவு சமயத்தில் என் மச்சினருக்கு வயலில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்க ஒரு ஹோஸ் தேவைப்பட்டது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டாற்றில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு சுருள்களை எடுத்துப் போட்டார். இரண்டும் பச்சை, இரண்டும் ஒரே அகலம், இரண்டிலும் வெளியே வரி வரியாக இருந்தது. விலையில் மட்டும் நல்ல வித்தியாசம்.

"அத்தான், ஆபீஸ்ல பைப்பு கணக்கெல்லாம் எழுதுனவருல்லா. நீங்களே சொல்லுங்க" என்றார் மச்சினர்.

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரரே சொல்லிவிட்டார்: "வெளிய என்ன வரி வேணும்னாலும் இருக்கட்டு சார். உள்ள கைய விட்டுப் பாருங்க. வழுவழுன்னு இருந்தாத்தான் தண்ணி வரும்."

விலை கூடியதையே வாங்கினோம். கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் ஆழ்கடல் குழாய்களின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. பல நாளாக எழுத நினைத்திருந்த விஷயம் அது. இன்று எழுதிவிடுகிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குமாஸ்தா வேலைக்கு வந்த பிறகு பல வருஷம் தண்ணீர்க் குழாய் சம்பந்தமான ஃபைல்கள்தான் என் மேஜையில் இருந்தன. இஞ்சினியர்கள் 'ஹெட் லாஸ்' என்று எழுதுவதை நாங்கள் பௌதிகப் பாடத்தில் 'பெர்த் தெ ஷார்ஜ்' என்று படித்திருந்தோம். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் சுவரோடு உராய்ந்து, வழியிலேயே தன் வலுவில் கொஞ்சத்தை இழந்துவிடுகிறது. அந்த இழப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். எஸ்டிமேட்டில் அதைக் கணக்குப் பார்க்க ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம் உண்டு. அதில் 'சி' என்று ஓர் எண் வரும். குழாயின் உள்சுவர் எவ்வளவு வழுவழுப்பு என்பதற்கு இடும் மதிப்பெண் அது. புது பிளாஸ்டிக் குழாய்க்கு 150 வரை போடுவார்கள். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்க்கு 100, சில சமயம் அதற்கும் கீழே. எண்ணில் 50தான் வித்தியாசம். ஆனால் அதே அளவு தண்ணீரை அதே அகலக் குழாயில் அனுப்பும்போது, பழைய குழாயில் இழப்பு இரண்டு மடங்குக்கும் கூடுதலாகிவிடும். மின்சாரக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

இனி கடலுக்குப் போவோம்.

லட்சத்தீவில் கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை மேலே எடுத்து, அதை வைத்துக் குடிநீர் தயாரிக்கிறார்கள் என்று சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது இதுதான்: "350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுக்க எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்!" நம் ஆழ்குழாய்க் கிணற்றை மனதில் வைத்துக் கேட்கும் கேள்வி அது. கடலில் கணக்கு வேறு. குழாயின் அடிவாய் திறந்திருக்கிறது. வெளியே இருக்கும் கடல், உள்ளே இருக்கும் நீரை ஏறக்குறைய கடல் மட்டம் வரை தானே தள்ளி நிறுத்திவிடும். குளிர்ந்த நீர் கொஞ்சம் கனம் என்பதால் மேல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவாகத் தாழ்ந்து நிற்கும், அவ்வளவுதான். பம்பு 350 மீட்டருக்குத் தூக்க வேண்டியதில்லை. அந்தச் சிறு தாழ்வையும், வழியில் ஏற்படும் உராய்வையும் மட்டும் ஈடுகட்டினால் போதும். ஆகவே ஆழ்கடல் குழாயில் செலவைத் தீர்மானிப்பது ஆழம் அல்ல, குழாயின் உள்பக்கம்.

உராய்வைக் குறைக்க முதல் வழி அகலம். ஒரே அளவு தண்ணீரை அனுப்பும்போது குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு அல்ல, 32 மடங்காகும். மாறாக விட்டத்தை 15 சதவீதம் கூட்டினாலே இழப்பு பாதியாகிவிடும். அகலத்துக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது. இரண்டாவது வழி, நம் கடைக்காரர் சொன்ன வழுவழுப்பு.

அப்படியானால் அகலக் குழாயைப் போட்டுவிட்டால் முடிந்ததா? முடியவில்லை. இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைகிறது. சுவர் மெல்லிசாக இருந்தால் குழாய் அப்படியே தட்டையாகிவிடும். கெட்டியான ரோஸ்மில்க்கை உறிஞ்சும்போது காகித ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஹோஸில் வெளியே வரி வரியாகக் கெட்டிப் பிளாஸ்டிக் சுற்றியிருப்பது இதற்காகத்தான். அதைவிடப் பெரிய தொல்லை கடலிடமிருந்து வருகிறது. குழாய் எவ்வளவு அகலமோ, அலையும் நீரோட்டமும் அதைப் பிடித்துத் தள்ள அவ்வளவு இடம் கிடைக்கிறது. உள்ளே ஓடும் நீர் அகலத்தைக் கேட்கிறது, வெளியே இருக்கும் கடல் ஒல்லியாக இரு என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்கிறேன்.

முதல் ஆள் ஒரு பிரெஞ்சுக்காரர், ழோர்ழ் குளோத். 1910இல் பாரீஸ் மோட்டார் கண்காட்சியில் நியான் விளக்கை எரிய வைத்துக் காட்டியவர். நம் ஊர் நகைக்கடை, ஜவுளிக்கடை வாசல்களில் ஒரு காலத்தில் சிவப்பாக எரிந்த விளக்குகளுக்கு அவர்தான் மூலம். கடலின் மேல்நீர் சூடு, அடிநீர் குளிர்ச்சி, இந்த வித்தியாசத்தை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1881லேயே தார்சொன்வால் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி சொல்லியிருந்தார். அதைச் செய்து பார்த்தவர் குளோத். கியூபாவில் மத்தான்சாஸ் விரிகுடாவில், 1.6 மீட்டர் விட்டமும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமும் கொண்ட குழாயை இறக்கினார். முதலில் இறக்கிய குழாய்கள் கடலோடு போயின. மனிதர் விடவில்லை. 1930இல் குழாய் நின்றது, 22 கிலோவாட் மின்சாரமும் வந்தது. பம்புகளுக்கே அதைவிட அதிகம் தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். சிறிது காலத்தில் புயல் வந்து குழாயை அழித்துவிட்டது. அடுத்து பிரேசில் கடலில் ஒரு கப்பலிலிருந்து குழாயைத் தொங்கவிடப் பார்த்தார். அதையும் அலை கொண்டுபோயிற்று. யோசனை சரிதான், இயந்திரமும் ஓடியது. ஒவ்வொரு முறையும் கைவிட்டது குழாய்தான்.

இரண்டாவது கதை நம் கடலில் நடந்தது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு 1997இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் மிதவைத் தளம் ஒன்றைக் கட்டியது. பெயர் சாகர் சக்தி. இடம் தூத்துக்குடிக் கடல். ஏறக்குறைய 1 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளம் உள்ள பாலிஎத்திலீன் குழாய். இந்த முறை இரும்பு அல்ல, வளையும் பிளாஸ்டிக். உள்ளே கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, துரு இல்லை, அலைக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் அது கடல்நீரைவிட லேசானது, தானாக மிதக்கும். கனம் கட்டித்தான் இறக்க வேண்டும். கரையோரத்தில் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒட்டி, இழுத்துப் போய், செங்குத்தாக நிமிர்த்தி, தளத்தோடு மாட்ட வேண்டும். இந்த இறக்கும் வேலையில்தான் முயற்சி முறிந்தது. குழாய் கடலுக்குள் போயிற்று. தளம் தயார், இயந்திரம் தயார், மின்சாரம் மட்டும் வரவில்லை.

அப்போது "வரிப்பணம் கடலில் போச்சு" என்று பேசியவர்கள் உண்டு. வருத்தம் நியாயம்தான். ஆனால் ஃபைல் எழுதியவன் என்ற முறையில் நான் பார்ப்பது, அந்த ஃபைல் அங்கே மூடப்பட்டதா என்பதைத்தான். மூடப்படவில்லை. அதே நிறுவனம், ஆசையைச் சிறிதாக்கிக்கொண்டு, 2005இல் கவரத்தித் தீவில் குழாய் போட்டது. 1 கிலோமீட்டர் ஆழம் வேண்டாம், 350 மீட்டர் போதும். மின்சாரம் வேண்டாம், குடிதண்ணீர் போதும். 63 சென்டிமீட்டர் விட்டம், ஏறக்குறைய 600 மீட்டர் நீளம், அதே பாலிஎத்திலீன். பவளத்தீவு என்பதால் கரையிலிருந்து 400 மீட்டர் போனாலே கடல் அவ்வளவு ஆழம்.

வேலை செய்யும் விதம் எளிது. மேல்மட்டத்து வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்று உறிஞ்சப்பட்ட ஒரு அறைக்குள் விடுவார்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் அடுப்பில்லாமலே கொஞ்சம் நீர் ஆவியாகும். ஆழத்திலிருந்து வந்த 12, 13 டிகிரிக் குளிர்நீர் ஓடும் குழாய்களில் பட்டு அந்த ஆவி குடிநீராகச் சொட்டும். உப்பு அந்த அறையிலேயே நின்றுவிடும். ஆனால் உள்ளே விடும் நீரில் நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் குடிநீராகும். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் வேண்டுமென்றால், அதைப்போல நூறு மடங்கு குளிர்நீர் அந்தக் குழாய் வழியே மேலே வரவேண்டும். பழைய பழக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு ஏறக்குறைய 116 லிட்டர். அந்த அகலத்தில் அது விநாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஏறும், நாம் காலையில் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. குழாய்க்குள் தண்ணீர் அவசரப்படாமல் நடந்தால் உராய்வு குறையும், உறிஞ்சலும் குறையும், குழாய் தட்டையாகாது. வேகம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். இந்த நிதானம்தான் அதன் ரகசியம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாலிஎத்திலீன் குழாய்த் துண்டுகளின் முனைகளைச் சூடாக்கி, ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டுவார்கள். நம் ஊரிலும் குடிநீர்த் திட்ட வேலையில் பார்த்திருப்பீர்கள். ஒட்டும்போது உருகிய பிளாஸ்டிக் வெளியிலும் உள்ளிலும் மோதிரம் போலப் பிதுங்கும். உள்ளே நிற்கும் அந்த மோதிரம் ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீருக்கு ஒரு சிறு தடங்கல். நூறு இணைப்பு என்றால் நூறு தடங்கல். தேவைப்படும் இடங்களில் நீளமான கருவியை உள்ளே விட்டு அதைச் சீவி எடுக்கிறார்கள். வாய்க்காலில் பாசியும் ஆகாயத்தாமரையும் வாரினால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதைப் போலத்தான் இதுவும். நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதைப் பாடமாகச் சொல்லவே வேண்டாம்.

கவரத்திக்குப் பின் சாகர் சக்தித் தளத்தையே 2007இல் சென்னைக் கடலில் நிறுத்தி, 1 மீட்டர் விட்டக் குழாயைச் சுமார் 500 மீட்டர் ஆழத்துக்குத் தொங்கவிட்டு, நாளுக்கு 10 லட்சம் லிட்டர் குடிநீர் எடுத்துக் காட்டினார்கள். 2011இல் மினிக்காய், அகத்தித் தீவுகளில் ஆலைகள் வந்தன. கட்மத் தீவின் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது, அதன் அளவு 1.5 லட்சம் லிட்டர். கிணறெல்லாம் உவர்க்கும் தீவில் ஒரு குடும்பத்துக்கு இது என்ன என்பதை, கோடையில் குடத்தோடு நின்ற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடலுக்குள் போன குழாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரிசையையும் சேர்த்துப் பேசவேண்டும்.

இதுவரை சொன்னது தண்ணீர்க் குழாய். எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஆழ்கடல் வளைகுழாய் இன்னொரு ஜாதி. அதிலும் பிரெஞ்சுக்காரர்கள்தான் முன்னோடி. பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்து, 1971இல் கோஃப்ளெக்ஸிப் என்ற நிறுவனம் தொடங்கியது. நார்மண்டியில், சேன் நதிக்கரையில், லெ த்ரே என்ற ஊரில் அதன் தொழிற்சாலை.

தண்ணீர்க் குழாயின் அடிவாய் திறந்திருந்ததால் கடலின் அழுத்தம் உள்ளும் புறமும் சமமாக இருந்தது. எண்ணெய்க் குழாய் அப்படியல்ல. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 1,000 மீட்டர் ஆழத்தில் வெளியிலிருந்து 100 மடங்கு நெருக்கும். ஏதோ காரணத்தால் உள்ளே அழுத்தம் இறங்கிவிட்டால் குழாய் நசுங்கிவிடும். அதனால் அடுக்கு அடுக்காகக் கட்டுகிறார்கள். எண்ணெய் கசியாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்கு வெளியே அழுத்தத்தையும் இழுவையையும் தாங்க எஃகுப் பட்டைச் சுற்றுகள், எல்லாவற்றுக்கும் மேல் கடல்நீர் படாமலிருக்க ஒரு உறை. பிளாஸ்டிக் உறைக்கும் உள்ளே, எண்ணெய் தொடும் இடத்தில், துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை ஒன்றோடொன்று கொக்கி மாட்டிச் சுருளாகச் சுற்றிய ஒரு கூடு. அதன் பெயர் 'கர்காஸ்'. பிரெஞ்சில் எலும்புக்கூடு என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான், குழாயை நசுங்காமல் நிறுத்துவது அதுதான்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கொக்கி மாட்டிய தகடுகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால்தான் குழாய் வளையும். ஆனால் அந்த இடைவெளிகளால் உட்சுவர் முழுவதும் வரி வரியாகிவிடுகிறது. கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளிய அந்த ஹோஸ்தான் இது! உராய்வு கூடுகிறது. உலர்ந்த எரிவாயு வேகமாக ஓடினால் இன்னொன்றும் நடக்கிறது, குழாய் பாடத் தொடங்கிவிடுகிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. திருவிழாக் கடையில் விற்கும் வரிக்குழாயைப் பிள்ளைகள் தலைக்கு மேல் சுழற்றினால் ஊளையிடுமே, அதே காரணம்தான். ஒவ்வொரு இடைவெளியிலும் சின்னச் சின்னச் சுழல் எழுந்து, எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடுகின்றன. நார்வே பக்கத்துக் கடலில் அந்த ஓசையைக் கேட்டார்கள். ஓசை தொந்தரவு மட்டும் அல்ல. அந்த அதிர்வு மேலே தளத்திலுள்ள சிறு குழாய்களை நாளடைவில் விரிசல் விடச் செய்யும். எரிவாயு இருக்கும் இடத்தில் விரிசல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

பரிகாரங்கள் பல. வேகத்தைக் குறைக்கலாம், உற்பத்தியும் குறையும். கர்காஸ் இல்லாமலே உள்ளே வழுவழுப்பான குழாய் செய்யலாம், தண்ணீர் அனுப்ப அது சரி, எரிவாயுக்கு ஆகாது. காரணம், வாயு பிளாஸ்டிக் உறைக்குள் மெல்ல ஊடுருவி அடுக்குகளுக்கிடையே தங்கும். உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கினால் அது உறையை உள்நோக்கித் தள்ளிக் கிழித்துவிடும். ஆகவே எலும்புக்கூடு வேண்டும், வரி கூடாது. இதற்குத் தகட்டின் வடிவத்தை மாற்றி, இடைவெளியை இன்னொரு மெல்லிய பட்டையால் மூடி, வளைவும் கெடாமல் உள்பக்கத்தைச் சமமாக்கும் வழிகளைச் செய்திருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, வாயுவோடு கொஞ்சம் திரவம் கலந்து வந்தால் பாட்டு நின்றுவிடுகிறது. இடைவெளிகளில் திரவம் தங்கிச் சுழலை அமுக்கிவிடும்.

எண்ணெயில் இன்னொரு தடங்கல் மெழுகு. ஆழ்கடலின் அடியில் குளிர் அதிகம். மெழுகு கலந்த எண்ணெய் அங்கே மார்கழி மாதத்துத் தேங்காயெண்ணெய் போல உறைந்து குழாயின் சுவரில் படியும். அகலம் குறையும், 32 மடங்குக் கணக்கு நினைவிருக்கட்டும். 2024 ஜனவரியில் ஆந்திரத்தின் காக்கிநாடாக் கடலில், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில், ஓ.என்.ஜி.சி. ஆழ்கடல் எண்ணெய் எடுக்கத் தொடங்கியபோது, இந்த மெழுகுக்காகக் கடலடியில் குழாய்க்குள் குழாய் வைத்து, வெப்பம் வெளியேறாமல் காத்து எண்ணெயைக் கொண்டுவந்தார்கள்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? இரண்டு காரணம்.

ஒன்று, "லட்சத்தீவு மாதிரி நம் கடற்கரை ஊர்களுக்கும் குடிநீர் எடுக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற கடல்மேடை பல பத்து கிலோமீட்டருக்கு ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. நம் மீன்வளத்துக்குக் காரணமே அந்த மேடைதான். குளிர்நீர் அதற்கும் அப்பால் இருக்கிறது. அவ்வளவு நீளக் குழாயில் ஒவ்வொரு மீட்டரிலும் உராய்வு, வழியெல்லாம் வெப்பம் ஏறும். கடல் நமக்கு மீனைக் கொடுத்தது, குளிர்நீரைத் தூரத்தில் வைத்தது.

இரண்டு, இதே கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் பேச்சு எழுந்து, மீனவர்கள் எதிர்த்துக் கூட்டங்கள் நடத்தியது உங்களுக்குத் தெரியும். வேண்டுமா வேண்டாமா என்பதைக் கடலை நம்பிப் பிழைப்பவர்களைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. அப்படிக் கேட்கும் நாள் வந்தால் மேலோட்டமான பதிலோடு யாரும் திரும்பிவிடக் கூடாது. குழாயின் உள்ளே என்ன அடுக்கு, எந்த வேகத்தில் ஓடும், அதிர்வை யார் அளப்பார்கள், அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை உள்பக்கம் பார்ப்பார்கள் என்று நாமும் கேட்கலாம். இஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை. குமாஸ்தாவுக்கே புரிந்த விஷயம்தானே.

சாகர் சக்தித் தளம் தூத்துக்குடிக் கடலில் நின்ற நாட்களில் அந்தப் பக்கம் தொழிலுக்குப் போனவர்களோ, குழாய் இறக்கிய வேலையைக் கண்ணால் பார்த்தவர்களோ இதை வாசித்தால், இரண்டு வரி எழுதுங்கள். ஃபைலில் வராத விவரம் உங்களிடம்தான் இருக்கும்.